பழைய காருக்கான பாகத்தை நேரில் பார்க்காமல் வாங்குவது எப்படி

கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர் எவரும் உதிரிப்பாகம் தேடி முதலில் போகும் இடம் பஞ்சிகாவத்தைதான். ஜப்பானிய வாகனம் என்றால் அங்கே அரை நாள் நடந்தால் போதும், வேண்டியது கிடைத்துவிடும். 1950களின் மொரிஸ் மைனருக்கோ ஒஸ்டின் ஏ40க்கோ ஒரு பாகம் கேட்டால் கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, தமக்குத் தெரிந்த ஒருவரிடம் முன்பு இருந்ததாகச் சொல்லி ஒரு தொலைபேசி இலக்கத்தை எழுதித் தருவார். அந்த இலக்கத்துக்கு உரியவர் பெரும்பாலும் வியாபாரியாக இருக்கமாட்டார். சுன்னாகத்தில் தகப்பனாரின் காரை விற்றபின் எஞ்சிய பெட்டிகளை வைத்திருக்கும் மகனாகவோ, பதுளையில் கராஜை மூடிவிட்ட முதியவராகவோ, லண்டனில் வீட்டுக் கொட்டிலைக் காலிசெய்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயராகவோ இருப்பார். அவரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இல்லை, விற்ற பொருளைத் திருப்பி எடுக்கும் வழக்கமும் இல்லை. அப்படிப்பட்டவரிடமிருந்து பொருளைக் கண்ணால் காணாமல் வாங்கும் முறையை, என் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனருக்காகப் பல வருடங்கள் வாங்கியும் ஏமாந்தும் கற்ற அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் காரை அளந்துகொள்ளுங்கள்

விற்பவரைச் சோதிப்பதற்கு முன் நம் காரைச் சோதிக்க வேண்டும் என்பதை நான் ஒரு கிளட்ச் தட்டில் கற்றேன். பதிவுப் புத்தகத்தில் 1958 என்று இருந்ததால், அந்த ஆண்டுக்குரிய 948 சீசீ எஞ்சினுக்கான 6¼ அங்குலக் கிளட்ச் தட்டையும் பிரஷர் பிளேட்டையும் இங்கிலாந்திலுள்ள ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். எட்டு வாரம் காத்திருந்து, கியர் பொக்ஸை இறக்கிப் பார்த்தபோது உள்ளே இருந்தது 7¼ அங்குலக் கிளட்ச். எனக்கு முன் வைத்திருந்தவர்களில் யாரோ 1962க்குப் பின் வந்த 1098 சீசீ எஞ்சினை அதன் கியர் பொக்ஸோடு சேர்த்து மாற்றியிருந்தார். விற்றவர் கேட்டதைத்தான் அனுப்பியிருந்தார். தவறு முழுவதும் கேட்டவனுடையது.

இலங்கையில் ஓடும் பழைய காரைப் பற்றி மனதில் வைத்திருக்க வேண்டிய முக்கியமான உண்மை இது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் அதன்பின் வடக்கில் நிலவிய நீண்ட தடைகளையும் தாண்டி இந்தக் கார்கள் ஓடியதற்குக் காரணம், கிடைத்ததைப் பொருத்தி ஓட்டிய நம்மவர்களின் கைத்திறமை. அந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அதன் விளைவாக, தொழிற்சாலைக் கையேட்டில் உள்ளபடியே இருக்கும் கார் இங்கே மிக அரிது. ஆகவே ஆண்டையும் மொடலையும் மட்டும் சொல்லிப் பாகம் கேட்கக்கூடாது. பழைய பாகத்தைக் கழற்றி, கழுவி, மேசைமேல் வைத்து, வேர்னியர் அளவுகோலால் அளந்து எழுதிய பிறகுதான் தேடத் தொடங்க வேண்டும்.

எவற்றை அளப்பது என்பது பாகத்துக்குப் பாகம் மாறும். மைனரின் பின் அச்சில், சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல், அதை ஓட்டும் சிறியதான பினியன் ஆகியவற்றின் பற்களை எண்ணினாலே போதும். பிந்திய 803 சீசீ காருக்கு 43க்கு 8, 948க்கு 41க்கு 9, 1098க்கு 38க்கு 9 என்பவை தொழிற்சாலை வைத்த கணக்குகள். அவை முறையே 5.375, 4.555, 4.22 என்ற விகிதங்களைத் தரும். உங்கள் காரில் எது இருக்கிறது என்பதைப் பற்களே சொல்லும். இவை இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்திய சோடிகள் என்பதால் ஒன்றை மட்டும் தனியே வாங்குவது பயனற்றது. எஞ்சினைப் பொறுத்தவரை, இலக்கம் பிளொக்கில் ரிவெட் அடித்த ஒரு சிறு தகட்டில் இருக்கும். பிந்திய மைனர் எஞ்சின்களில் அது 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098 சீசீ. தொடர்ந்து வரும் எழுத்துகளில் எச் என்றால் உயர் அமுக்கம், எல் என்றால் தாழ் அமுக்கம். பிஸ்டன் வாங்கும்போது இந்த ஓர் எழுத்து மிகவும் முக்கியம். அந்தத் தகடு தொலைந்துபோயிருந்தால், என் காரில் தொலைந்திருந்ததைப்போல, சிலிண்டரின் விட்டத்தை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்: 948க்கு 62.9 மில்லிமீற்றர், 1098க்கு 64.58. தேய்ந்த சிலிண்டரை அகலமாகக் கடைந்து போர் செய்யப்பட்ட எஞ்சின் என்றால் இதற்கு மேல் 20, 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கூடியிருக்கும்.

நட், போல்ட் விடயத்தில் அலட்சியம் வேண்டாம். பழைய பிரித்தானியக் கார்களில் விட்வேர்த், பீஎஸ்எஃப் என்ற பிரித்தானிய அளவுமுறைப் புரிகள் இருந்தன. 1940களின் இறுதியில் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா மூன்றும் ஒன்றுபட்ட புரி முறைக்கு உடன்பட்ட பிறகு, கார்கள் படிப்படியாக அதன் நுண்புரி வகையான யூஎன்எஃப் முறைக்கு மாறின. 3/8 அங்குல பீஎஸ்எஃப் போல்டில் அங்குலத்துக்கு 20 புரிகள், அதே தடிப்புள்ள யூஎன்எஃப் போல்டில் 24. இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். மாறிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அதன்பின் பலவந்தப்படுத்தினால் புரி அழிந்து பாகமே வீணாகிவிடும். புரி அளவிடும் சிறு கருவி ஒன்று பெரிய விலையில்லை. அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

வெளிநாட்டைத் தேடுவதற்கு முன் நாட்டுக்குள் தேடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்டினும் மொரிஸும் அண்மைக்காலம் வரை அன்றாட வாகனங்களாக ஓடின. பல வீடுகளில் ஒரு காருக்காக இன்னொரு கார் உடைத்து வைக்கப்பட்டிருந்தது. மலையகத்தில் பழைய தோட்டத்து வாகனங்களின் பாகங்கள், குறிப்பாக லேண்ட்ரோவர் பாகங்கள், இன்னும் கிடைக்கின்றன. மைனருக்கான பாடித் தகடுகளை 1990களில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பிய ஒரு தொழில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து பெரும் செலவில் வரவழைக்க நினைக்கும் மட்கார்ட் இங்கே அடிக்கப்பட்டதாகவே இருக்கக்கூடும் என்பது என்னை எப்போதும் நெகிழவைக்கும் விடயம்.

மொரிஸ் ஒக்ஸ்பர்ட் மூன்றாம் சீரிஸ் வைத்திருப்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம். அந்தக் காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடரை ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் 2014 வரை செய்தது. ஃபியட் 1100 வைத்திருப்பவர்களுக்கு பிரீமியர் பத்மினி அவ்வாறே உதவும். சென்னைப் புதுப்பேட்டையில் தேடித்தர ஓர் உறவினரோ நண்பரோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அம்பாசடர் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்யப்பட்ட கார்; இடையில் முகப்பும் எஞ்சினும் மாறின. பிந்திய காலத்தது எல்லாம் ஒக்ஸ்பர்டுக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வாங்குபவர்கள் ஸ்டியரிங் பொக்ஸும் ஹெட்லைட் கண்ணாடியும் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்து வீதியின் வலப்பக்கம் ஓடும் கார்களுக்குரியவை என்பதை மறக்கக்கூடாது. அந்தக் கண்ணாடியைப் பொருத்தினால் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

விற்பவருடன் பேசுவது

தனியாள் ஒருவரிடம் முதல் செய்தியிலேயே விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்தப் பெட்டி அவருக்குத் தகப்பனின் நினைவாக இருக்கலாம். நீங்கள் யார், உங்களிடம் என்ன கார் இருக்கிறது, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொன்னால், பெரும்பாலானோர் மனமுவந்து பதில் தருவார்கள். யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவருக்கு நான் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

"வணக்கம் ஐயா. தெஹிவளையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது, எஞ்சின் 1098. உங்களிடம் கிரவுன் வீலும் பினியனும் இருப்பதாகப் பஞ்சிகாவத்தையில் சொன்னார்கள். வசதிப்படும்போது, ஒரு பல்லில் சோக்கால் அடையாளமிட்டு இரண்டினதும் பற்களை எண்ணிச் சொல்ல முடியுமா? பல்லின் முகம் தெரியும்படி ஒரு படமும் அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும். அவசரம் இல்லை."

மூன்று நாள் கழித்து அவர் பற்களை எண்ணி அனுப்பியதோடு, எனக்குத் தேவைப்படும் என்று தாமே எண்ணி, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் வளையங்களையும் சேர்த்து வைத்திருந்தார். விற்பவர் சிங்களவராக இருந்து, நம் சிங்களம் இயந்திரப் பெயர்களுக்குப் போதாதென்றால், கராஜ் பாஸிடம் தொலைபேசியைக் கொடுத்துப் பேசவிடுவது நல்லது. ஒரு சொல் மாறிப்போனால் முன்சக்கரப் பேரிங்குக்குப் பதிலாகப் பின்சக்கரப் பேரிங் வந்து நிற்கும்.

படம் கேட்கும்போது எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று சொல்லுங்கள். பாகத்தின் பக்கத்தில் அன்றைய வீரகேசரியின் முதல் பக்கத்தையும் ஓர் அடிமட்டத்தையும் வைத்து எடுக்கச் சொல்வேன். பத்திரிகையின் திகதி, பாகம் இன்று அவர் கையில் இருப்பதைக் காட்டும். அடிமட்டம் அளவைக் காட்டும். இந்த வழக்கம் எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பின் பம்பர் ஒன்றுக்கு முற்பணம் அனுப்பியபின் அந்த விற்பவரின் தொலைபேசி அணைந்துபோனது. அவர் காட்டிய படம் வேறொருவரின் பழைய விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பிறகே கண்டேன். வெளிநாட்டவரிடம் பத்திரிகை இல்லாவிட்டால், ஒரு தாளில் உங்கள் பெயரையும் திகதியையும் எழுதி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் எவரும் இதற்குக் கோபித்ததில்லை.

பாகத்தின் மேல் அடிக்கப்பட்ட இலக்கங்களை நெருக்கமாகப் படம் கேளுங்கள். பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் லூக்கஸ் டிஸ்ரிபியூட்டர்களின் உடலில் 25டி4 போன்ற வகைப்பெயரும், அதனோடு ஓர் ஐந்திலக்க எண்ணும், செய்த திகதியும் அடிக்கப்பட்டிருக்கும். வெளியில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டின் உள்ளே பற்றவைப்பை முன்னகர்த்தும் ஸ்பிரிங்குகளும் பாரங்களும் வேறாக இருக்கும் என்பதால், அந்த எண்தான் உங்கள் ஆதாரம். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் எஸ்யூ காபரேட்டரின் மிதவைக் கிண்ண மூடியின் திருகில் ஒரு சிறு அலுமினியத் தகடு தொங்க வேண்டும். தகடு இல்லாவிட்டால் வாயின் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். எச்எஸ்2 என்றால் 1¼ அங்குலம், எச்எஸ்4 என்றால் 1½. காபரேட்டருக்குப் படத்தைவிடக் காணொளியே தேவை: திரொட்டில் தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அசைந்தால் அங்கே காற்று உள்ளே போகும், எந்த டியூனிங்கும் நிற்காது. புஷ் போட லேத்துக்குக் கொடுக்கும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பாடித் தகடு என்றால் காந்தம் ஒன்றை அதன்மேல் மெதுவாக நகர்த்திக் காணொளி எடுக்கச் சொல்வது போதும். காந்தம் விழும் இடத்தில் பழுதை மூடப் பூசிய பேஸ்ட் இருக்கிறது. கிராங் தண்டு என்றால் விற்பவரின் சொல்லை மட்டும் எடுக்க வேண்டாம். பழைய பேரிங் ஓடுகள் இருந்தால் அவற்றின் முதுகைப் படம் கேளுங்கள். 010, 020, 030, 040 என்ற இலக்கங்கள், தண்டு எத்தனை தௌ கடையப்பட்டது என்பதைச் சொல்லும். 040 கண்டால் நான் வாங்குவதில்லை. அடுத்த முறை கடைய அதில் இடமே இருக்காது.

வடக்கிலிருந்து எஞ்சினோ அதன் உட்பாகங்களோ வாங்கும்போது, அது மண்ணெண்ணெயில் ஓடியதா என்று நேராகவே கேளுங்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் குடாநாட்டின் கார்கள் சிறிதளவு பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. அதைச் சொல்ல அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. எப்படி ஓட்டினோம் என்று பெருமையோடு விளக்குவார்கள். மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் நீர்த்துப்போனால் பேரிங்கும் கிராங்கும் தேயும், பிஸ்டன் தலையிலும் எக்ஸ்ஹோஸ்ட் வால்விலும் கரி தடித்துப் படியும். அப்படிப்பட்ட எஞ்சினை விலக்க வேண்டியதில்லை; அளந்து பார்த்து, போர் செய்யும் செலவை வைத்து விலை பேசினால் போதும்.

எவ்வளவு பழைய, திறக்கப்படாத பெட்டியில் இருந்தாலும் வாங்கக்கூடாதவை சில உண்டு. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் கப், பெற்றோல் பம்பின் தோல் போன்ற ரப்பர் பொருட்கள் பாவிக்காமல் இருந்தாலும் காலத்தால் இறுகி வெடிக்கும். பழைய பிரேக் ஷூவின் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம்; அதை அராவினால் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. லொக்ஹீட் என்ற பிரேக் நிறுவனத்தின் பெயர் அச்சடித்த பழைய பெட்டியின் அழகுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

எஞ்சினையோ பிளொக்கையோ முழுதாக வாங்குபவர்கள், பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். இலக்கத் தகடு இருக்கிறதா, அது எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஏதாவது தரமுடியுமா என்று கேளுங்கள். பணம் கொடுக்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து, மாற்றத்தைப் பதிய என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தகடு பெயர்க்கப்பட்ட எஞ்சினை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுவதே என் வழக்கம்.

பணமும் பொதியும்

உள்நாட்டில் நான் கடைப்பிடிப்பது பாதி முற்பணம், பொதி பஸ்ஸில் ஏறியதற்கான படம் வந்தபின் மீதி. முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பவர் எல்லோரும் ஏமாற்றுபவர் அல்லர். அவரும் கொழும்பில் இருக்கும் நம்மை அறியாதவர்தானே. பொருளின் விலை பெரிதாக இருந்தால், அந்த ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரைப் போய்ப் பார்த்துப் பணத்தைக் கையில் கொடுக்கச் சொல்வதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. நம்மில் யாருக்குத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு மச்சானும் ஸ்காபரோவில் ஒரு சித்தியும் இல்லை. வெளிநாட்டவருக்குப் பேபாலில் அனுப்புவதானால், பொருள் வாங்குவதற்குரிய முறையில் மட்டும் அனுப்புங்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்க நண்பருக்கு அனுப்பும் முறையைத் தேர்ந்தால், வாங்குபவருக்கான பாதுகாப்பு இல்லாமல் போகும். முறைப்பாட்டுக்கான காலம் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாள் என்பதால், கப்பலில் வரும் பொதி தாமதித்தால் நாட்களை எண்ணிக்கொண்டிருங்கள்.

விமானக் கூரியர் நிறுவனங்கள் பாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, எது கூடியதோ அதற்கே கட்டணம் எடுப்பார்கள். 60, 40, 30 சென்ரிமீற்றர் பெட்டி ஒன்று, உள்ளே மூன்று கிலோ கிரில் மட்டும் இருந்தாலும், 14.4 கிலோவாகக் கணக்கிடப்படும். ஆகவே பருமனான, பாரமற்ற பொருட்களுக்குக் கப்பலில் வரும் டோர் டு டோர் கார்கோ ஏற்றது. சிறிய, பாரமான பொருட்களுக்குத் தபாலோ, ஊருக்கு வரும் உறவினரின் பயணப் பெட்டியோ ஏற்றது. பயணப் பெட்டியில் வரும் காபரேட்டரிலும் பெற்றோல் பம்பிலும் எரிபொருள் வாசம் சிறிதும் இருக்கக்கூடாது. வாசமிருந்தால் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள், சித்தப்பாவுக்கும் வீண் சங்கடம்.

சுங்கத்தில் பொருளின் விலை, அனுப்பிய செலவு, காப்புறுதி மூன்றும் சேர்ந்த தொகையை வைத்தே வரி கணக்கிடப்படும். அதன்மேல் 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் சேரும். தனியாளிடம் வாங்கும்போது விலைப்பட்டியல் இராது என்பதால், விற்பவரிடம் பொருளின் பெயர், பாவித்ததா புதியதா என்ற குறிப்பு, விலை, கையொப்பம் கொண்ட ஒரு தாளைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தின் படத்தையும் பணம் அனுப்பிய சான்றையும் நீங்கள் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்வது சட்டத்துக்கு மாறானது. பொதி தொலைந்தால் அந்தக் குறைந்த விலைக்கே ஈடும் கிடைக்கும். பாவித்த வாகனப் பாகங்கள் தொடர்பான விதிகள் வர்த்தமானி மூலம் மாறிக்கொண்டிருப்பதால், பெரிய பொருள் எதையும் உறுதிசெய்யும் முன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பொதி கட்டுவதை விற்பவரின் எண்ணத்துக்கு விடவேண்டாம். கிராங் தண்டை ஒயில் பூசிப் பொலித்தீனில் சுற்றி, பின் சாக்கில் சுற்றி, பலகைச் சட்டத்துக்குள் அசையாமல் கட்டச் சொல்லுங்கள். டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றித் தனியே வைக்கச் சொல்லுங்கள். முன்கண்ணாடியை இரவு பஸ்ஸில் போடவே வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தை வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அத்தனை தூரமும் அதன்மேல் யாருடைய மூட்டை ஏறும் என்று எவரும் சொல்ல முடியாது. இந்தக் கூடுதல் வேலைக்கும் பலகைக்கும் நீங்களே முன்வந்து பணம் கொடுங்கள்.

வந்த பெட்டியைத் திறப்பதற்கு முன்பிருந்தே காணொளி எடுங்கள். திறந்தவுடன் உங்கள் பழைய பாகத்தை அதன் பக்கத்தில் வைத்து, முன்பு எழுதிய ஒவ்வோர் அளவையும் மறுபடி எடுங்கள். புரியை நட் ஒன்றைக் கையால் ஏற்றிப் பாருங்கள். அன்றைக்கே விற்பவருக்குச் செய்தி அனுப்புங்கள், குறை இருந்தால் படத்தோடு, இல்லாவிட்டால் நன்றியோடு. பொருத்தி ஓட்டிய பிறகும் பழைய பாகத்தை இரும்புக்காரனிடம் கொடுக்காதீர்கள். அளவுகளையும் கழற்றிய திகதியையும் எழுதிய அட்டை ஒன்றைக் கம்பியால் கட்டி, ஒயில் பூசி வையுங்கள். என் அலுமாரியின் கீழ்த்தட்டில் அந்த 6¼ அங்குலக் கிளட்ச் தட்டும் அப்படியே இருக்கிறது; 948 எஞ்சின் வைத்திருக்கும் ஒருவர் தம் கிளட்ச்சை அளந்துவிட்டுக் கேட்டால், வாங்கிய விலைக்கே கொடுப்பேன்.